வேலை தருபவர் எதற்குப் பணம் கேட்கிறார்?

"அன்பே, உங்கள் சுயவிவரம் எங்கள் நிறுவனத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. நீங்கள் பகுதி நேர வேலையை ஆர்வமாக உள்ளீர்களா? தினசரி 8,000 முதல் 25,000 ரூபாய் வரை சம்பாதிக்க முடியும்."

இப்படியொரு செய்தி எங்கள் வகுப்பில் அரைவாசிப் பேரின் வீடுகளுக்காவது வந்திருக்கிறது. பாடசாலைக்குத் தொலைபேசி கொண்டுவர அனுமதியில்லை என்பதால், இடைவேளையில் ஒருத்தி அதை நினைவிலிருந்து ஒப்புவித்துக் காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். 'அன்பே' என்று ஒரு முகாமையாளர் எழுதுவாரா? என் வாப்பாகூட உம்மாவை அப்படி அழைத்து நான் கேட்டதில்லை.

சிரித்து முடிந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். தமிழ் இலக்கியம் படிக்கும் எங்களுக்கு அந்தச் செய்தியில் பிழை கண்டுபிடிப்பது சுலபம். 'ரூபா' என்று எழுதும் நாட்டில் 'ரூபாய்' என்று வருகிறது. 'முகாமையாளர்' இருக்க வேண்டிய இடத்தில் 'மேலாளர்' இருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதியதை இயந்திரத்திடம் கொடுத்து மொழிமாற்றியிருக்கிறார்கள் என்பது 'வேலையை ஆர்வமாக உள்ளீர்களா' என்பதிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் இந்த அடையாளத்தை நம்பிக்கொண்டு எத்தனை நாளைக்கு இருக்க முடியும்? செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது எங்களைவிடப் பிழையில்லாமல் எழுதுகின்றன. சென்ற தவணை விடுமுறையில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வந்த நியமனக் கடிதத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. நாடறிந்த ஒரு நிறுவனத்தின் இலச்சினை, முத்திரை, ஒப்பம், பதிவு இலக்கம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசிப் பந்தியில் மட்டும், சீருடைக்கும் வைத்தியப் பரிசோதனைக்குமாக 14,500 ரூபாவை இரண்டு நாட்களுக்குள் வைப்பிலிட வேண்டும் என்று இருந்தது. வைப்பிலிட வேண்டிய கணக்கோ ஒரு தனி நபரின் பெயரில்.

ஆகவே இனிமேல் மொழியைப் பார்த்துப் பயனில்லை. பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். வேலை என்றால் முதலாளியிடமிருந்து தொழிலாளியிடம் பணம் வர வேண்டும். அது மறுபக்கம் ஓடத் தொடங்கினால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், பதிவுக் கட்டணம் என்றாலும், பயிற்சிக் கட்டணம் என்றாலும், திருப்பித் தரப்படும் பிணைப்பணம் என்றாலும், அது வேலை அல்ல.

இந்த மோசடிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரியவர்கள் உடனே சொல்வது "பேராசை பெரு நட்டம்" என்பதைத்தான். நான் இதை ஏற்றுக்கொள்வதில்லை. ஏன் என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ராத்தா இருக்கிறார். கணவர் கட்டாரில் சாரதி. இரண்டு சிறு பிள்ளைகள். உயர்தரம் வரை படித்தவர், தையலும் தெரியும். 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கணவர் அனுப்பும் காசு எந்த மூலைக்கும் போதவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போகவும் முடியாது. 'வீட்டிலிருந்தே வேலை, பெண்களுக்கு முன்னுரிமை' என்ற அறிவித்தல் அவருக்கு ஒரு கதவு திறந்ததுபோல் இருந்திருக்கிறது. இதில் பேராசை எங்கே இருக்கிறது? உழைத்துச் சம்பாதிக்க ஒரு வழி கேட்டார், அவ்வளவுதான்.

நடந்ததை அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன். அந்த ஒழுங்கில்தான் மோசடியின் சூட்சுமம் இருக்கிறது.

முதல் நாள் வட்ஸ்அப்பில் ஒரு பெண் பேசினார். பிரபலமான விளம்பர நிறுவனமொன்றின் மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவர் என்றார். யூடியூபில் மூன்று அலைவரிசைகளுக்குச் சந்தாதாரராக வேண்டும், ஒன்றுக்கு 150 ரூபா. ராத்தா செய்தார். 450 ரூபா உண்மையாகவே வங்கிக் கணக்குக்கு வந்தது. மாலையில் இன்னும் நான்கு, 600 ரூபா. அதுவும் வந்தது. அடுத்த நாள் டெலிகிராம் குழுவொன்றில் சேர்த்தார்கள். அங்கே ஐம்பது அறுபது பேர். ஒவ்வொருவரும் தாங்கள் பெற்ற பணத்தின் பற்றுச்சீட்டைப் படம் பிடித்துப் போட்டு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் நிஜமாக ஏமாறியவர் ராத்தா ஒருவராகத்தான் இருந்திருப்பார். மற்றவர்கள் எல்லாம் வேடதாரிகள். மூன்றாம் நாள் 'முற்பண வேலை'. 3,000 ரூபா போட்டால் ஒரு மணித்தியாலத்தில் 3,900. போட்டார், வந்தது. பிறகு 12,000 போட்டார். 15,600 வந்தது.

வணிகப் பிரிவில் படிக்கும் என் தோழியிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது அவள் கேட்டாள்: "ஒரு மணித்தியாலத்தில் நூற்றுக்கு முப்பது இலாபம் எடுக்கத் தெரிந்தவனுக்கு உங்கள் ராத்தாவின் மூவாயிரம் எதற்கு?" நல்ல கேள்வி. ஆனால் அதை மேசையில் உட்கார்ந்து கேட்பது சுலபம். பணம் இரண்டு முறை கைக்கு வந்துவிட்ட பிறகு, குழுவில் ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இன்னும் பத்து நிமிடத்தில் போடாவிட்டால் மற்ற மூவரின் வேலையும் கெட்டுவிடும்" என்று ஒருவர் குரல்பதிவு அனுப்பும்போது கேட்பது சுலபமல்ல.

அந்த 'மற்ற மூவர்' என்பது கடைசிக் கட்டம். நான்கு பேர் சேர்ந்து செய்யும் குழுவேலை என்றார்கள். முதலில் 28,000. அது முடிந்ததும், இது மூன்று படிகள் கொண்டது, மூன்றையும் முடித்தால்தான் பணம் எடுக்கலாம் என்றார்கள். அடுத்த படிக்கு 64,000. மூன்றாம் படிக்கு 95,000. அதற்காகத்தான் காப்பு அடகுக்குப் போனது. மூன்றும் முடிந்த பிறகு, நீங்கள் ஒரு பொத்தானைப் பிழையாக அழுத்திவிட்டீர்கள், கணக்கு முடங்கிவிட்டது, விடுவிக்க இன்னும் 110,000 வேண்டும் என்றார்கள். அவரிடம் அதற்கு மேல் எதுவும் இருக்கவில்லை. அதனால் மட்டுமே அது அங்கே நின்றது. வந்த இலாபம் எல்லாம் சேர்த்து 5,550 ரூபா. போனது 187,000.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த முதல் 450 ரூபா. பலர் அதைத்தான் "உண்மையான நிறுவனம்தான், எனக்குக் காசு வந்ததே" என்று சாட்சியாகச் சொல்கிறார்கள். தூண்டிலில் மாட்டும் புழுவும் உண்மையான புழுதான்.

இது எங்கோ தூரத்தில் நடப்பதுமல்ல. 2024 ஜூன் மாத இறுதியில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் மடிவெல, பத்தரமுல்லை, நீர்கொழும்பு ஆகிய இடங்களில் வீடுகளைச் சுற்றிவளைத்து 60 இந்தியப் பிரஜைகளைக் கைதுசெய்தார்கள். 135 கையடக்கத் தொலைபேசிகளும் 57 மடிக்கணினிகளும் கைப்பற்றப்பட்டன. விசாரணைக்கு அடியாக இருந்தது ஒருவரின் முறைப்பாடு. சமூக ஊடகங்களில் விருப்பம் தெரிவித்தால் பணம் என்று சொல்லி அவரை வட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார்கள். ராத்தாவுக்கு நடந்ததும் அதேதான். மோசடிக்காரர்களுக்கு உதவியதாகப் பேராதனையில் ஒரு தந்தையும் மகனும் ஒப்புக்கொண்டதாகவும் அப்போது செய்தி வெளியானது. அதே வருடம் ஒக்டோபரில் குண்டசாலையில் ஒரு ஹோட்டலில் இருந்து இணைய நிதி மோசடி தொடர்பில் நூற்றுக்கும் மேற்பட்ட சீனர்கள் கைதானார்கள். குண்டசாலை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரம். அந்தப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகும்போது அந்த வீதியால்தான் போனோம்.

ஒரு வீட்டில் ஒருவருக்கு இரண்டு தொலைபேசிகளுக்கு மேல். இது ஒரு தொழிற்சாலை. அங்கே இருப்பவர்களுக்குப் பேச வேண்டிய வசனங்கள் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. யாரிடம் எப்போது கனிவாகப் பேசுவது, எப்போது மிரட்டுவது என்று பயிற்சி இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றின் முன்னால் தனியாக நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துப் 'பேராசைக்காரி' என்று சொல்வதற்கு எனக்கு நா எழவில்லை.

இன்னும் ஒன்று. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களிலும் ஏமாற்றப்பட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள், மியன்மார் எல்லையில் மியாவாடி பகுதியிலுள்ள முகாம்களில் அடைக்கப்பட்டு, அடித்து வேலை வாங்கப்பட்ட கதைகளைச் செய்திகளில் பார்த்தோம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இவ்வாறு மோசடி வேலையில் பலவந்தமாக வைக்கப்பட்டிருக்கலாம் என்று கணித்தது. அவர்களுக்கும் முதலில் ஒரு வேலை விளம்பரம்தான் வந்தது. "அன்பே" என்று எழுதிய அந்தக் கையும் ஒருவேளை அப்படியொரு கையாக இருக்கலாம். இதை நினைத்தபோது, வகுப்பில் சிரித்த சிரிப்பு எனக்குக் கொஞ்சம் கசந்தது.

வெளிநாட்டு வேலை என்று வந்தால் எங்கள் நாட்டில் அதற்கென்று ஒரு சட்டமும் ஒரு பணியகமும் இருக்கின்றன. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க முடியாது. முகவர் நிலையத்தின் பெயரைச் சொல்லி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம். முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அந்த நாட்டுக்கான அந்த வேலைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய்ச் சேருங்கள், அங்கே மாற்றித் தருகிறோம் என்று சொல்பவரிடம் அதற்கு மேல் எதுவும் கேட்கத் தேவையில்லை.

உள்நாட்டில் நிறுவனங்களின் பெயரைத் திருடி வருபவர்களைப் பற்றி எழுத வேண்டும். நாம் எல்லோரும் செய்யும் தவறான வழி ஒன்று இருக்கிறது. சந்தேகம் வந்தால், வந்த கடிதத்தில் இருக்கும் இலக்கத்துக்கே அழைத்து "இது உண்மையா?" என்று கேட்கிறோம். திருடனிடம் போய் நீ திருடனா என்று கேட்பதைப் போன்றது அது. இலக்கத்தை நாமாகத் தேட வேண்டும். அந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலோ, அதன் கிளையில் ஒட்டியிருக்கும் பலகையிலோ, ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கும் பற்றுச்சீட்டிலோ உள்ள இலக்கத்துக்கு அழைத்து, இன்ன பதவிக்கு ஆள் எடுக்கிறீர்களா, இன்ன பெயரில் மனிதவளப் பிரிவில் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். பெயர் தெரியாத கம்பனி என்றால் கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் பதிவில் பெயர் இருக்கிறது என்பதால் நமக்கு எழுதியவர் அந்தக் கம்பனியைச் சேர்ந்தவர் ஆகிவிடமாட்டார். ஆள்மாறாட்டம் செய்பவன் இல்லாத கம்பனியின் பெயரைச் சொல்வதில்லை, இருக்கும் கம்பனியின் பெயரைத்தான் சொல்கிறான்.

இணைய முகவரியை வாசிப்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சிறுவயதிலேயே மத்ரஸாவில் வலமிருந்து இடமாக வாசிக்கப் பழகியவர்கள் நாம். இணையத்தள முகவரியையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். 'மல்லிகை' என்று ஒரு நிறுவனம் இருக்கிறது, அதன் தளம் 'மல்லிகை.எல்கே' என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 'மல்லிகை.எல்கே.புதுவேலை.கொம்' என்று ஓர் இணைப்பு வருகிறது. இடமிருந்து வாசித்தால் மல்லிகை என்று கண்ணில் பட்டவுடன் மனம் அமைதியாகிவிடும். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் நின்று வலப்பக்கமிருந்து வாசியுங்கள். முதலில் கொம், அடுத்து புதுவேலை. அந்தத் தளத்தின் சொந்தக்காரர் 'புதுவேலை'தான். அதற்கு இடப்பக்கத்தில் அவர் மல்லிகை என்றும் எழுதலாம், மாளிகை என்றும் எழுதலாம், கேட்பார் இல்லை. 'மல்லிகை-வேலைவாய்ப்பு.கொம்' என்று கோடு போட்டு ஒட்டியிருந்தாலும் அது வேறொரு பெயர்தான். அரச நிறுவனங்களின் முகவரிகள் 'கொவ்.எல்கே' என்று முடியும், அதை வெளியார் எடுக்க முடியாது. வெறும் 'எல்கே' அப்படியல்ல, யாரும் பதிவு செய்யலாம்.

ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால் போலி என்று சிலர் சொல்கிறார்கள். பெரிய நிறுவனத்தின் பெயரில் வந்தால் அது சரி. ஆனால் எங்கள் ஊர்க் கடைகளும் அச்சகங்களும் ஜிமெயிலில்தான் இயங்குகின்றன. அவர்கள் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்க்கலாம்.

பணம் மட்டும்தான் பறிபோகும் என்று நினைத்துவிடக் கூடாது. அடையாள அட்டையின் இரு பக்கங்களையும், அதைக் கையில் பிடித்தபடி ஒரு படத்தையும் முதல் நாளிலேயே கேட்கிறார்கள். புதிய அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்கங்களைப் பாருங்கள். முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். எண்ணைக் கொடுத்தாலே பிறந்த திகதியையும் கொடுத்தாயிற்று. அதைப் படத்தோடு கொடுத்தால் உங்கள் பெயரில் அடுத்து என்ன திறக்கப்படும் என்று யாருக்குத் தெரியும்? நேர்முகத்துக்கு என்று முழு உருவப் படம் கேட்பதும், இரவில் காணொளி அழைப்பு எடுப்பதும் எந்த வேலைக்கும் தேவையில்லாதவை. அந்தப் படங்கள் பிறகு மிரட்டுவதற்குத்தான் பயன்படுகின்றன. நம் சமூகத்தில் ஒரு பெண்பிள்ளையின் படத்துக்கு எவ்வளவு விலை கேட்கலாம் என்று அவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

மிகவும் ஆபத்தான 'வேலை' இன்னொன்று. "உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும், அதை நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றினால் போதும், நூற்றுக்கு ஐந்து உங்களுக்கு." உழைப்பே இல்லாத சம்பளம். ராத்தா 95,000 போட்டது யாருடைய கணக்கில் என்று நினைக்கிறீர்கள்? இப்படிக் கணக்கை வாடகைக்குக் கொடுத்த யாரோ ஒருவருடையதில்தான். முறைப்பாடு செய்தால் பொலிஸார் முதலில் தட்டுவது அந்தக் கணக்குக்காரரின் கதவை. சூத்திரதாரியோ எங்கேயோ இருக்கிறான். எனக்குத் தெரியாது, வேலை என்று நினைத்தேன் என்று நீதிமன்றத்தில் விளக்கிக்கொண்டிருப்பது பத்தொன்பது வயதுப் பிள்ளையாக இருக்கலாம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்குமாக மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும் காலம் நமக்கெல்லாம் வரப்போகிறது. கையில் புதிதாகத் திறந்த வங்கிக் கணக்கு, புதிய அட்டை, நிறைய நேரம். இவர்கள் தேடுவது அப்படிப்பட்டவர்களைத்தான். வங்கி அட்டையும் சிம் அட்டையும் தங்கையாக இருந்தாலும் இரவல் கொடுக்கும் பொருட்கள் அல்ல.

ராத்தாவின் விடயத்தில் பணத்தைவிட என்னை வருத்தியது வேறு. இது நடந்து ஐந்து வாரங்கள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டபோது, "யாருகிட்ட சொல்ற தங்கச்சி? வாப்பாக்குத் தெரிஞ்சா ஏசுவாரு. அவருக்குச் சொன்னா அங்கே இருந்துக்கிட்டு மனசொடஞ்சி போவாரு. ஊருக்குத் தெரிஞ்சா 'இவளுக்கு எதுக்குப் போனு'ன்டுதான் கேப்பாங்க" என்றார்.

அந்த ஐந்து வாரங்கள்தான் மோசடிக்காரனின் உண்மையான இலாபம். வங்கிகளுக்கிடையில் பணம் இன்று நொடிகளில் போய்விடுகிறது. முதல் ஒரு மணித்தியாலத்தில் வங்கிக்கு அறிவித்தால் மறுபக்கக் கணக்கில் பணம் இன்னும் இருக்கக்கூடும், அதை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்க வாய்ப்பு உண்டு. ஐந்து வாரம் என்றால் அங்கே வெறும் பெயர்தான் மிஞ்சியிருக்கும். வெட்கப்பட்டுச் செய்திகளையும் அழித்துவிட்டார். முறைப்பாடு செய்யும்போது காட்டுவதற்குக் கையில் வங்கிக் கூற்று மட்டுமே இருந்தது. குழுவின் பெயர், பேசியவரின் இலக்கம், குரல்பதிவு எதுவும் இல்லை. இவற்றை அழிக்காமல் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, முதலில் வங்கிக்கும், அடுத்துப் பொலிஸுக்கும் போக வேண்டும். கணினிக் குற்றங்களுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இலங்கைக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவின் 101 என்ற இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். இதற்குள் "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று ஒருவர் வருவார். அவரும் அதே கூட்டம்தான். ராத்தாவுக்கும் வந்தார்.

பெண்பிள்ளைகளின் தொலைபேசியைப் பறித்துவிட்டால் இதெல்லாம் நடக்காது என்று சொல்பவர்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு கூட்டத்திலும் அப்படிச் சொல்லப்பட்டதாக உம்மா வந்து சொன்னார். தொலைபேசியைப் பறிக்கும் வீட்டில்தான் பிள்ளை ஐந்து வாரம் வாய் திறக்காமல் இருக்கிறாள். ஏசமாட்டார்கள் என்று தெரிந்த வீட்டில், 3,000 ரூபா போடுவதற்கு முன்பே "உம்மா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்டிருப்பாள். மேலும், நானாமார் ஏமாறவில்லையா? மியாவாடிக்குப் போனவர்களில் ஆண்கள் இல்லையா? அவர்களின் தொலைபேசியைப் பறிக்கச் சொல்லி எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசியதாகக் கேள்விப்படவில்லை.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள வேண்டும், சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் வசனம்தான் அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், சூரா அல்பகராவின் 282ஆவது. நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு எழுத்தில் கேட்பது நம்பிக்கைக் குறைவு அல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நம் வீடுகளில் பெண்பிள்ளை ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால் வாயாடி என்று பெயர் கிடைக்கிறது. கேள்வி கேட்காமல் வளர்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் பணம் போட்டாள் என்று ஏசுவதில் நியாயம் இல்லை.

நிறுவனங்களிடமும் ஒரு முறைப்பாடு உண்டு. தங்கள் பெயரில் போலி விளம்பரங்கள் உலாவுகின்றன என்று அவை அறிவித்தல் போடுகின்றன. நான் பார்த்தவற்றில் பல ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. மோசடிக்காரன் மட்டும், கொச்சையாகவேனும், தமிழில் எழுதச் சிரமப்படுகிறான். தற்போது உள்ள வெற்றிடங்கள் இவைதான், இவற்றைத் தவிர வேறு எதுவும் எங்களுடையதல்ல என்று மூன்று மொழிகளிலும் ஒரு பக்கத்தில் போட்டு வைப்பதற்கு ஒரு பெரிய நிறுவனத்துக்கு என்ன செலவாகிவிடும்? சம்பந்தமில்லாத ஒருவருக்கு முதன்முறையாகப் பெருந்தொகை மாற்றும்போது, "வேலைக்காகப் பணம் அனுப்புகிறீர்களா?" என்று வங்கிச் செயலியில் ஒரு கேள்வி தமிழில் வந்தாலே சிலர் கையை எடுத்துவிடுவார்கள். ராத்தா எடுத்திருப்பாரா என்று கேட்டேன். "மூணாம் தரம் எடுத்திருப்பன்" என்றார்.

எங்களால் செய்யக்கூடியது என்று பார்த்து, தமிழ் இலக்கிய மன்றத்தில் பேசி, தொழில் வழிகாட்டல் ஆசிரியையின் அனுமதியோடு சிறிய ஏற்பாடு ஒன்று செய்தோம். புதன்கிழமை இடைவேளைகளில் நூலகத்தின் பின்பக்க மேசையில் இரண்டு பேர் இருப்போம். வீட்டில் யாருக்காவது வேலை விளம்பரமோ நியமனக் கடிதமோ வந்தால் அதைத் தாளில் எழுதியோ அச்செடுத்தோ கொண்டுவரலாம். யாருக்கு வந்தது என்று நாங்கள் கேட்பதில்லை. முகவரியை வலமிருந்து வாசித்து, பதிவைத் தேடி, தேவையானால் ஆசிரியை அலுவலகத் தொலைபேசியிலிருந்து அந்த நிறுவனத்தின் சொந்த இலக்கத்துக்கு அழைத்துக் கேட்பார். இந்த இதழ் அச்சுக்குப் போகும் வரை ஐந்து தாள்கள் வந்திருக்கின்றன. நான்கு போலி. அவற்றில் இரண்டு ஒரே நிறுவனத்தின் பெயரில், வெவ்வேறு ஒப்பங்களோடு. ஐந்தாவது, நகரத்தில் உள்ள ஒரு புத்தகக் கடைக்குக் கணக்கு எழுத ஆள் தேவை என்பது. கையால் எழுதியது, மூன்று எழுத்துப்பிழைகள். ஆசிரியை அழைத்துக் கேட்டார், உண்மைதான். சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் பஸ் காசு தனியாகத் தருகிறார்கள். சென்ற வருடம் இங்கே படித்த ஒரு ராத்தா அங்கே சேர்ந்து இப்போது இரண்டாவது மாதம்.